கடைசித் துணிக்கு முதுகு

அந்த இறக்கையை அறுத்தபோது, பாறை என்று எல்லாரும் கூப்பிடுகிறவனைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. "குப்பை அள்ள ஆள் வேணும், நீ இரு" என்றார் ஃபோர்மேன், அவ்வளவுதான்.

காற்றாலைக்குப் போக வேண்டிய இறக்கை. தெருவில் கிடத்தினால் தெருவே அடைபட்டுப் போகும், அவ்வளவு நீளம். அதை ரம்பம் போட்டுத் துண்டு துண்டாக அறுத்தார்கள். அறுந்த விளிம்புகளில் கண்ணாடி நார் நரைமுடி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. துண்டுகளை வண்டியில் ஏற்றியவன் பாறைதான். அடிப்பக்கத்துத் துண்டில் அவன் போட்ட துளை அப்படியே இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கண் வைக்கிற மாதிரி அழகு. உள்பக்கம் புரட்டினால்தான் லட்சணம் தெரிந்தது. துளையைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்து, கடைசி அடுக்கு வெந்த தோல் மாதிரி உரிந்து தூக்கிக்கொண்டு நின்றது.

அந்த வெளுப்பை அந்தத் தொழிற்சாலையில் 'அடுக்கு விட்டுருச்சு' என்பார்கள். இறக்கை மரமும் இல்லை, இரும்பும் இல்லை. கண்ணாடி நாரில் நெய்த துணியை அச்சுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ரெசின் என்கிற பசையைப் பாய்ச்சி இறுக வைத்த சங்கதி. அடுக்கும் அடுக்கும் ஒட்டிக் கிடக்கிறவரை புயலுக்கும் வளைந்து நிமிரும். ஓரிடத்தில் விட்டால் அந்த வாய் பெரிதாகிக்கொண்டே போகும். அதுவும் அடிப்பக்கத்தில், போல்ட் மாட்டுகிற இடத்தில் விட்டால் பேச்சே கிடையாது. காற்று இழுக்கிற இழுப்பெல்லாம் வந்து இறங்குவது அங்கேதான்.

பாறை கல் குவாரியிலிருந்து வந்தவன். வெடி வைக்கப் பாறையில் துளை போடுகிற வேலை. பட்டப்பெயரும் தோள்பட்டையும் அங்கே சம்பாதித்தவை. இரண்டையும் கூடவே கொண்டுவந்துவிட்டான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அச்சுக்குள் பெண்கள் மண்டிபோட்டுத் துணி விரிப்பதைப் பார்த்து, "கல்லையே ஓட்டை போட்டவனுக்குத் துணி எம்மாத்திரம்" என்று சொல்லிவைத்தான். சின்னவள் அதைக் கேட்டுவிட்டாள்.

சின்னவள் அவன் மனைவியின் தங்கை. துணி விரிக்கிற பெண்களுக்குத் தலைவி. மாமாவுக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். அறுபட்ட இறக்கையின் துணி முழுக்க அவள் கூட்டம் விரித்தது. ஒரு சுருக்கம் விழுந்தால் பிரித்துப் போட்டு மறுபடி விரித்தது. அறுத்த அன்றைக்கு அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. வீட்டுக்கு வந்து, அவன் எதிரில் உட்கார்ந்துகொண்டே, "அக்கா, உன் வீட்டுக்காரரைச் சாப்பிட வரச் சொல்லு" என்றாள்.

"கை கழுவிட்டு வரச் சொல்லு" என்றாள் பெரியவள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

"நான் இங்கதானேடி உக்காந்திருக்கேன்!"

இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள். அதிலிருந்து அந்த வீட்டில் அவனுக்குப் பேச்சு எல்லாம் சேதியாகத்தான் வந்தது, நேரே வரவில்லை. தொழிற்சாலையில் அதைவிட மோசம். டிரில்லைப் பிடுங்கிக்கொண்டு, துளை போடும்போது பறக்கிற தூளை உறிஞ்சும் குழாயைக் கையில் கொடுத்துவிட்டார்கள். கண்ணாடித் தூள் முழங்கைமடிப்பில் ஏறி அரித்துக்கொண்டே இருந்தது. பிறர் துளை போட, அவன் தூள் உறிஞ்சினான்.

புது இறக்கை ஒன்று தயாரானது. அதுவும் சின்னவள் கூட்டம் விரித்ததுதான். அதன் அடிப்பக்கம் ஒரு பெரிய வளையம். உள்ளே ஆள் நிமிர்ந்து நடக்கலாம். சுவர் கையகலத் தடிமன். அந்த வளையத்தைச் சுற்றி இயந்திரம் துளைகளைப் போட்டுக்கொண்டே வந்து, கடைசித் துளையின் முன்னால் பெரிதாக முனகிவிட்டுப் படுத்துவிட்டது. உள்ளே இருந்த பேரிங் உடைந்துபோயிருந்தது. மாற்றுச் சாமான் கடல் தாண்டி வரவேண்டும். இறக்கையை ஏற்றிப்போக நீள வண்டி வாசலுக்கு வந்தாகிவிட்டது.

இன்ஜினியர் பெண் வந்து பார்த்தாள். ஒடிசலான உடம்பு, பேசும்போது பேனாவைக் காதில் செருகிக்கொண்டு தேடுகிற பழக்கம். துளைகளின் வரிசையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இதைக் கையாலதான் போடணும்" என்றாள். பிறகு தூள் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவனைப் பார்த்தாள். "பாறை அண்ணே, நீங்க போடுங்க."

"இவனா?" என்றார் ஃபோர்மேன். "இவன் கையில குடுக்கறதுக்கு நானே ரம்பத்தை எடுத்து அறுத்துடறேன் மேடம். நேரமாவது மிச்சமாகும்."

"மத்தவங்க எல்லாம் பட்டன் அமுக்கிப் பழகினவங்க. டிரில்லைப் புடிச்சு ஆடாம நிக்கிற கை இவருக்குத்தான் இருக்கு. முதல்ல துண்டுல போட்டுக் காட்டட்டும். துண்டுல சுத்தமா வந்தா இறக்கைக்குப் போவோம். வரலைன்னா வேணாம்."

"இறக்கையில விட்டுட்டா?"

"விட்டா அறுக்கணும்" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "அதுக்கப்புறம் அவரை இங்க வச்சிருக்க என்னாலயும் முடியாது."

பாறை குழாயைக் கீழே வைத்தான். குவாரிக்குத் திரும்பிப் போவதில் அவனுக்குப் பயம் இல்லை. அந்தப் பக்கத்துச் சோறும் சோறுதான். ஆனால் இன்னொரு இறக்கையை வண்டியில் துண்டுகளாக ஏற்ற அவனால் முடியாது. அதுவும் சின்னவள் பார்த்துக்கொண்டிருக்க.

பழைய இறக்கையின் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். டிரில்லுக்கு வாயில் வைரத்தூள் பூசிய குழல் மாதிரி ஒரு பிட். அது வட்டமாக அறுத்துக்கொண்டு போகும், நடுவில் ஒரு கட்டை மிஞ்சும். பாறை கால்களை அகட்டி நின்று போட்டான். புரட்டிப் பார்த்தால் வெளுப்பு. இன்னொரு துளை. அதிலும் வெளுப்பு, முன்னதைவிடப் பெரிதாக.

"கடைசியில அமுக்கறீங்க அண்ணே."

"நான் அமுக்கலை மேடம். சத்தியமா கையைத் தளத்தித்தான் வச்சிருந்தேன்."

பொய் இல்லை. அவனுக்கே விளங்கவில்லை. கையைக் கவனித்துக்கொண்டேதான் இருந்தான். மறுபடி போட்டான். மறுபடி வெளுப்பு. ஃபோர்மேன் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனார்.

எதிரே தரையில் உட்கார்ந்து துணி நறுக்கிக்கொண்டிருந்த சின்னவள் கத்திரியைக் கீழே வைத்தாள்.

"மாமா."

அறுத்த நாளுக்குப் பிறகு நேராக அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது. அவன் சட்டென்று திரும்பினான்.

"அமுக்கறது உங்க கை இல்ல. காலு."

"காலா?"

"துளை முடியப்போற நேரத்துல உங்க வலது குதிகால் தரையை விட்டு எழும்புது. நான் கீழ உக்காந்திருக்கறதால தெரியுது. குதி எழும்பினதும் உடம்பு மொத்தமும் டிரில் மேல போய்ச் சாயுது. கை பாவம், அது என்ன பண்ணும்?"

பாறை தன் காலைப் பார்த்தான். யாரோ இன்னொருத்தனுடைய காலைப் பார்ப்பதுபோல. குவாரியில் கல் விட்டுக்கொடுக்கப் போகும் கணத்தில் உடம்பைத் தூக்கிப் போட்டால்தான் துளை முடியும். அப்படி முடித்து முடித்து, யாரும் சொல்லாமலே குதிகால் தானாக எழும்பக் கற்றுக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் தன் உடம்பில் ஒரு வேலைக்காரன் ஒளிந்திருந்தது அவனுக்கே தெரியாது.

"இங்க அப்படிச் செய்யக் கூடாது மாமா" என்று எழுந்து வந்தாள் அவள். அறுபட்ட விளிம்பை விரலால் தடவிக் காட்டினாள். "ஒவ்வொரு துணிக்கும் முதுகுக்குப் பின்னாடி இன்னொரு துணி நிக்குது. நீங்க தள்ளினா அது தாங்கிக்கும். கடைசித் துணிக்குப் பின்னாடி யாரு இருக்கா? ஒண்ணுமில்ல, வெறும் காத்து. அதைப் போய் முட்டித் தள்ளினா அது உரிஞ்சு விழாம என்ன செய்யும்?"

"அதுக்கு முதுகு நாம குடுக்கலாம்" என்றாள் இன்ஜினியர் பெண். "உள்பக்கம் பலகை வச்சு இறுக்கிட்டா பாதிப் பிரச்சினை தீரும். மிச்சப் பாதி அண்ணனோட கால்."

"காலை வெட்டிடலாமா?" என்றான் பாறை, கடுப்பில்.

"வேணாம், அக்கா பாவம்" என்றாள் சின்னவள். "உக்காருங்க. சம்மணம் போட்டு."

ஒரு மேடையைத் தள்ளிக்கொண்டுவந்து போட்டு அதன்மேல் அவனைச் சம்மணம் போட்டு உட்காரவைத்தார்கள். டிரில் மார்பு உயரத்துக்கு வந்தது. திரும்பி வந்த ஃபோர்மேன் பார்த்துவிட்டு, "என்னய்யா, பரிமாறவா?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். பாறை சிரிக்கவில்லை. கால் மடங்கிக் கிடந்தது. குதிகால் எழும்பப் பார்த்தது, தொடைக்கடியில் மாட்டிக்கொண்டு துடித்தது. அதை அவன் உணர்ந்தான். இப்போதுதான் முதல்முறையாக உணர்ந்தான். பின்பக்கம் பலகை கொடுத்து, டிரில் தன் பசிக்குத் தின்னட்டும் என்று விட்டான். புரட்டினார்கள். வெளுப்பு இல்லை.

 ஃபோர்மேன் மேடையை இறக்கைப் பக்கம் தள்ள ஆள் கூப்பிட்டார்.

உள்பக்கம் மரப்பலகை வைத்தால் என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் இன்ஜினியர் பெண் கண்ணாடி மாதிரித் தெளிந்த தடித்த பிளாஸ்டிக் பலகை ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டுவந்தாள். அதை இறக்கைக்குள்ளே இறுக்கிக் கட்டினார்கள். சின்னவள் உள்ளே போய் அதன் முன்னால் உட்கார்ந்தாள். உள்ளே விளக்கை அணைத்தார்கள். வெளியே துளை போடுகிற இடத்தில் பெரிய விளக்கைத் திருப்பினார்கள்.

"நான் பார்த்துச் சொல்றேன் மாமா. சத்தத்துல குரல் கேக்காது. ஒரு தட்டு தட்டினா மெதுவா. விடாம தட்டினா நிறுத்திடுங்க."

"அந்தச் சத்தத்துல தட்டு மட்டும் எப்படிக் கேக்கும்?"

"முழங்காலை இறக்கைமேல ஒட்டி வச்சுக்கங்க. கேக்காது, தெரியும்."

முகமூடியை இறுக்கிக்கொண்டு டிரில்லை ஓட்டினான். உறிஞ்சுகுழாய் இரைந்தது. பிட் சுவரைத் தொட்டது, வட்டமாக ஒரு கீறல் விழுந்தது, பிறகு உள்ளே இறங்கியது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. கல்லைத் துளைப்பது என்றால் மல்லுக்கட்டு, அவ்வளவுதான். ஒரு மூர்க்கன் இன்னொரு மூர்க்கனை முட்டுவது. இங்கே தள்ளவும் முடியாது, முட்டவும் முடியாது என்று ஆனபிறகு, கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லாமல் போயிற்று. கேட்டான். கையால் கேட்டான். பிட்டின் ரீங்காரம் கொஞ்ச நேரம் ஒரு சுதியில் ஓடும், சட்டென்று ஒரு இழை தாழும், மறுபடி ஏறும். நீளவாக்கில் விரித்த துணி ஒரு மாதிரி, குறுக்கே விரித்தது வேறு மாதிரி. அவன் அறியாமல் அவன் உள்ளங்கை துணி மாறுவதைச் சொல்லிக்கொண்டே வந்தது. இவ்வளவு நாள் வெறும் சுவர் என்று நினைத்தது ஒரு கூட்டம். ஒருத்தி போக அடுத்தவள் வந்து நிற்கிற கூட்டம். ஒவ்வொருத்தியும் வேறு திசை பார்த்துப் படுத்து, ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டிருக்கிற கூட்டம். அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணாடித் தூள் அரிப்பு என்று நினைத்துக்கொண்டான், ஆனால் அது இல்லை.

பாதிக்கு மேல் போனபோது முகமூடியைத் தாண்டி ஒரு வாடை வந்தது. ரெசின் தீய்கிற வாடை. பிட் மழுங்கிவிட்டது. இன்னும் இரண்டு விரல்கடை இருக்குமா? இருக்கும். குவாரியில் என்றால் இரண்டு விரல்கடைக்கு எவன் பிட் மாற்றுவான்? இன்னும் கொஞ்சம் பலத்தைக் கொடுத்தால் முடிந்துபோகும். தொடைக்கடியில் குதிகால் முண்டியது.

டிரில்லைச் சுழல விட்டபடியே பின்னால் இழுத்து வெளியே எடுத்தான். நிறுத்தினான்.

"என்னாச்சு?" ஃபோர்மேன் ஓடிவந்தார். "விட்டுருச்சா?"

"பிட்டு செத்துப்போச்சு. வேற குடுங்க."

"நடுவுல எடுத்துட்டுத் திரும்ப விட்டா ஓரம் இடிக்குமேய்யா!"

"இடிக்காது. குடுங்க."

இன்ஜினியர் பெண் புதுப் பிட்டைத் தானே மாட்டிக் கொடுத்தாள்.   பாறை அதை ஓட்டாமலே, பழைய வட்டத்துக்குள் கையால் நுழைத்து, அது வாகாக உட்கார்ந்தபிறகுதான் ஓட்டினான். வாடை இல்லை. ரீங்காரம் தெளிந்தது.

முழங்காலில் ஒரு தட்டு.

மெல்லிய தட்டுதான். ஆனால் இறக்கை முழுக்க ஓடி, நுனிவரை போய்த் திரும்பி வந்து முழங்காலில் ஏறியதுபோல இருந்தது. கையைத் தளர்த்தினான். இன்னொரு தட்டு. இன்னும் தளர்த்தினான். இப்போது டிரில்லைத் தள்ளவில்லை, போகாமல் பிடித்துக்கொண்டிருந்தான். வாழ்க்கையில் ஒரு டிரில்லை அவன் பின்னுக்குப் பிடித்ததே இல்லை. முதுகு வேர்த்து ஊற்றியது. ரீங்காரம் மெலிந்து, மெலிந்து, கடைசியில் வேறு ஒரு சுதிக்குத் தாவியது. பிளாஸ்டிக். உள்ளிருந்து விடாமல் தட்டு விழுந்தது. நிறுத்தினான்.

பிட்டை வெளியே இழுத்தபோது உள்ளே மிஞ்சிய கட்டையும் கூடவே வந்து மடியில் விழுந்தது. இளஞ்சூடு. தேன்நிறம். பக்கவாட்டில் மெல்லிய கோடுகளாகத் துணிகள், அத்தனையும்.

பலகையை அவிழ்த்தார்கள். சின்னவள் வெளியே வரவில்லை. "மேடம்" என்று உள்ளிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. "ஓரத்துல ஒரு வெள்ளை இருக்கு."

பாறை மேடையை விட்டு இறங்கப் பார்த்தான். கால் மரத்துப்போய் எழ முடியவில்லை. இன்ஜினியர் பெண் ஒலி அனுப்பிப் பார்க்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். சுவரில் பசை தடவி, அதன்மேல் கருவியின் மூக்கை வைத்துத் தேய்ப்பது வெளியே கேட்டது. சுவருக்குள் அடுக்கு விட்டிருந்தால் அந்த ஒலி அங்கேயே முட்டித் திரும்பிவிடும், படத்தில் தெரிந்துபோகும். நேரம் போயிற்று. ஃபோர்மேன் ரம்பம் இருந்த மூலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அதுவே பெரிய மரியாதை. பாறை மடியில் இருந்த கட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மேல்நார் மட்டும்தான்" என்று வந்தது இன்ஜினியர் பெண்ணின் குரல். "நகக்கண் அளவுகூட இல்ல. உப்புத்தாளால ஒரு தேய் தேய்ச்சாப் போயிடும். உள்ள ஒரு அடுக்கும் விடலை. சுத்தம்."

ஃபோர்மேன் பெருமூச்சு விட்டார். "சாப்பாட்டு ராமன் ஜெயிச்சுட்டான்யா" என்று சொல்லிவிட்டு, வண்டிக்காரனைக் கூப்பிடப் போனார்.

"மாமா" என்றாள் சின்னவள் உள்ளிருந்து. "உள்ள வாங்க."

இத்தனை நாள் வெளியே நின்று துளை போட்டவன், தூள் உறிஞ்சியவன், ஒருநாளும் உள்ளே போனதில்லை. மரத்த காலை இழுத்துக்கொண்டு குனிந்து நுழைந்தான். நிமிர்ந்தான். அப்படியே நின்றுவிட்டான்.

வெளியே அது அழுக்குப் பச்சை நிறத்தில் ஒரு பெரிய குழாய். உள்ளே சுவர் முழுக்க வெளிச்சம் ஊறி நின்றது. விளக்கு எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாதபடி சுவரே ஒளிர்ந்தது. அடிப்பக்கத்தில் தேன்நிறம், தள்ளிப் போகப் போக மெலிந்து பால்நிறம். கூரையும் தரையும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி, தூரத்தில் ஒரு ஆள் தவழ முடியாத இடுக்காகி, அதற்கப்பால் இன்னும் போய்க்கொண்டே இருந்தது. முடிவு தெரியவில்லை. துணியின் நெசவு சுவருக்குள் வரிவரியாகத் தெரிந்தது. அச்சுக்குள் மண்டிபோட்டுப் பெண்கள் உள்ளங்கையால் நீவிய நீவல் அதில் அப்படியே இறுகிக் கிடந்தது. குவாரியில் மலையின் வயிற்றுக்குள் அவன் போயிருக்கிறான். அங்கே இருட்டும் கனமும்தான். இங்கே மலை அளவு பெரிதாக ஒன்று நின்றது, ஆனால் கனமே இல்லாத மாதிரி.

"பேசுங்க மாமா, வாயில என்ன கொழுக்கட்டையா?"

 வரிசையாகத் துளைகள், அவற்றில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வெளிச்சக் கோல் உள்ளே நீண்டிருந்தது. கடைசிக் கோல் அவனுடையது. அதில் கையை நீட்டினான், உள்ளங்கையில் வட்டமாக வெளிச்சம் விழுந்தது.

"பிட்டு வர்றப்போ எப்படி இருந்துச்சு?" என்று மெதுவாகக் கேட்டான்.

"முதல்ல ஒண்ணுமே இல்ல. அப்புறம் ரொம்ப ஆழத்துல ஒரு நிழல். வளையல் மாதிரி. தண்ணிக்கடியிலேர்ந்து ஏதோ ஏறி வர்ற மாதிரி வந்துச்சு மாமா. கிட்ட வரவர ஓரம் தெளிஞ்சு, கறுத்து… எனக்குத் தட்டணும்னே மறந்துபோச்சு. அப்படியே பார்த்துக்கிட்டே இருந்தேன். திடீர்னு ஞாபகம் வந்துதான் தட்டினேன்."

"அடிப்பாவி!"

"அதான் தட்டிட்டேன்ல!"

அவன் துளைக்குள் விரலை விட்டான். வழவழவென்று இருந்தது. பிறகு நகத்தால் வருடினால், துணிக்குத் துணி, மிக மிக லேசாக, ஒரு நெருடல். கையில் இருந்த கட்டையை அவளிடம் நீட்டினான்.

"இதுல நீ விரிச்சது எது?"

அவள் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்க ஆளுங்க எல்லாரும்தான். இது நான். இது அந்த உயரமான பொண்ணு, கல்யாணத்துக்கு முன்னாடி கடைசி நாள் வந்து போட்டுட்டுப் போனா. இது…" நகத்தால் ஒரு கோட்டைத் தொட்டாள். "இது நீங்க குழாய் புடிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் நின்ன அன்னைக்கு. உங்களைப் பார்க்கக் கூடாதுன்னு குனிஞ்சே விரிச்சேன். கொஞ்சம்கூடச் சுருக்கமே இல்ல பாருங்க."

பாறை அந்தக் கோட்டைத் தேடினான். எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன.

வெளியே ஃபோர்மேன் சுவரைத் தட்டினார். "நட்டு போடணும், ரெண்டு பேரும் ஒதுங்குங்க!"

துளையில் வெளிச்சம் மறைந்தது. போல்ட்டைப் பிடித்துக்கொள்ளப்போகிற நட்டு, உருளையான இரும்புத் துண்டு ஒன்று, எண்ணெய் பூசிக்கொண்டு வாயில் வந்து நின்றது. யாரோ அதை ஒரே விரலால் தொட்டிருக்கவேண்டும். அது மூச்சு விடுகிற மாதிரி மெல்லிய சத்தத்தோடு, தானாக வழுக்கி வந்து, உள்விளிம்புக்குச் சமமாக நின்றது. இடமும் இல்லை, இடுக்கும் இல்லை.

"யாராவது தள்ளினாங்களா?" என்று கேட்டான் பாறை.

"இல்ல மாமா."

"மறுபடி எடுத்துப் போடச் சொல்லேன்" என்றான் அவன், குழந்தை மாதிரி. "இன்னொரு தடவை பார்க்கறேன்."